பாடகர் போய்விட்டார், அதே பெயரில் பேண்டை ஓட்டலாமா?

பேஸ்_செந்தூல்
வணக்கம் மக்களே. எங்கள் பேண்டை இங்கே சில பேர் பார்த்திருப்பீர்கள், பெயர் இப்போதைக்கு வேண்டாம். கோலாலம்பூரில் பிஜே (பெட்டாலிங் ஜெயா), பங்சார் பக்கம் வார இறுதியில் பழைய ராக் வாசிக்கிற கூட்டம், நடுவே சொந்தமாகப் போட்ட தமிழ்ப் பாட்டும் நாலைந்து உண்டு. கல்யாணம் ஆகாத காலத்தில் ஆரம்பித்தது, இப்போது டிரம்மரின் மகளே காலேஜ் போகிறாள். விஷயம் என்னவென்றால், பாடகருக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்து குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். சண்டை சச்சரவு எதுவும் இல்லை, மாமாக் சாப்பாட்டுக் கடையில் விடிய விடிய உட்கார்ந்து சந்தோஷமாகத்தான் வழியனுப்பினோம். மறுநாளே பிரச்சினை ஆரம்பித்துவிட்டது. கிட்டார்காரர் புது ஆளைப் போட்டு அதே பெயரில் போகலாம் என்கிறார். டிரம்மர் பெயரை இத்தோடு மூடிவிட வேண்டும், அவர் குரல் இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டால் ஏமாற்று வேலை என்கிறார். நான் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். 2024இல் லிங்கின் பார்க் பேண்ட், இறந்துபோன பாடகர் செஸ்டர் பென்னிங்டன் இடத்துக்கு எமிலி ஆம்ஸ்ட்ராங்கைக் கொண்டுவந்தபோது இங்கே எத்தனை பக்கம் அடித்துக்கொண்டோம், அப்போது வேடிக்கையாக இருந்தது. இப்போது நம் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கிறது. உங்கள் கருத்து?

உலோகத்தலை
டிரம்மர் கட்சி நான். பெயரை மாற்று ப்ரோ. கிட்டாரிஸ்டைப் பார்த்துப் பாட்டை அடையாளம் கண்டுபிடிக்கிறவன் நம்மைப் போல நாலு பேர், மற்ற எல்லாருக்கும் குரல்தான் பேண்ட். 2003இல் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் செஸ்டரை நேரில் பார்த்தவன் நான், அந்தப் பெயரில் இன்னொரு குரலை என் காது ஒத்துக்கொள்ளாது. எமிலி நன்றாகப் பாடவில்லை என்று சொல்லவில்லை. வேறு பெயரில் பாடியிருந்தால் நானே டிக்கெட் வாங்கியிருப்பேன்.

கிள்ளான் டபுள்பெடல்
செஸ்டரே மாற்று ஆள்தானே மச்சான்! அந்த பேண்ட் ஸீரோ என்ற பெயரில் இருந்தபோது மார்க் வேக்ஃபீல்ட் என்று ஒருவர் பாடினார், அவர் போன பிறகு 1999இல்தான் அரிசோனாவிலிருந்து செஸ்டர் வந்தார். 2024 ஆல்பத்துக்கு அந்தப் பழைய பெயரை வைத்துத்தானே தலைப்பே போட்டார்கள். ஏசி/டிசியில் போன் ஸ்காட் 1974இல் டேவ் எவன்ஸ் இடத்துக்கு வந்தவர். ஜர்னியில் ஸ்டீவ் பெர்ரி 1977இல் வந்தவர், அதற்கு முன்பு கீபோர்டு வாசித்த கிரெக் ரோலிதான் பாடிக்கொண்டிருந்தார். நாம் யாரை முதலில் கேட்டோமோ அவரையே மூலவர் என்று உட்கார வைத்துவிட்டு, அப்புறம் வருகிறவரை எல்லாம் குறை சொல்கிறோம்.

உலோகத்தலை
இது செல்லாது. நீ சொல்கிற மூன்று பேரும் பேண்ட் பெரிதாவதற்கு முன்பே வந்தவர்கள். யாருக்கும் தெரியாத பேண்டில் பாடகர் மாறினால் யாருக்கு நஷ்டம்? செந்தூல் கேட்பது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு மாற்றுவதைப் பற்றி. அதற்கு உதாரணம் சொல்லு.

கிள்ளான் டபுள்பெடல்
சொல்கிறேன், எழுதிக்கொள். போன் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார், அதே வருஷம் ஜூலையில் பிரையன் ஜான்சன் குரலில் ‘பேக் இன் பிளாக்’ வந்தது, உலகத்திலேயே அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒன்று. பீட்டர் கேப்ரியல் 1975இல் ஜெனசிஸை விட்டுப் போனார், பின்னால் உட்கார்ந்து டிரம் அடித்த ஃபில் காலின்ஸ் முன்னால் வந்து பாடினார், அதற்கப்புறம்தான் அவர்களுக்குப் பெரிய கூட்டமே வந்தது. பிளாக் சபாத் ஓசியை 1979இல் அனுப்பிவிட்டு டியோவை எடுத்தது. அயர்ன் மெய்டன் இரண்டு ஆல்பத்துக்குப் பிறகு பால் டியானோவை விட்டுவிட்டு புரூஸ் டிக்கின்சனைப் பிடித்தது. வான் ஹேலனில் டேவிட் லீ ராத் போய் சாமி ஹேகர் வந்த 1986 ஆல்பம்தான் அமெரிக்கப் பட்டியலில் அவர்களுக்கு முதன்முதலாக முதலிடம் வாங்கித் தந்தது. போதுமா?

உலோகத்தலை
போதும். இப்போது அதே பட்டியலை நான் திருப்பிப் படிக்கிறேன். அதே வான் ஹேலன் 1998இல் கேரி செரோனை வைத்து ஒரு ஆல்பம் போட்டது, அந்த ஒன்றோடு சரி. அதே மெய்டன் 1994இல் பிளேஸ் பெய்லியை எடுத்தது, இரண்டு ஆல்பம், 1999இல் புரூஸ் திரும்பி வந்தார். அதே ஜெனசிஸ் 1997இல் ரே வில்சனை வைத்து ஒரே ஒரு ஆல்பம். சபாத்தில் எத்தனையோ பேர் வந்து பாடினார்கள், கடைசியில் 2025 ஜூலை 5ஆம் தேதி பர்மிங்ஹாம் வில்லா பார்க்கில் உலகமே கூடியது ஓசிக்காகத்தான். ஒரு தடவை தப்பித்த பேண்டே இரண்டாம் தடவை விழுகிறது. அப்புறம் என்ன திறமை? குருட்டு அதிர்ஷ்டம். அதை நம்பியா செந்தூலைப் பெயரை வைத்துக்கொள்ளச் சொல்கிறாய்?

மட்டுறுத்துநர்
எமிலியைப் பற்றி ஆள் மீது பாய்ந்த பதிவுகள் நீக்கப்பட்டன. பாட்டைப் பேசுங்கள், ஆளை விடுங்கள்.

ஐந்துகட்டை
குருட்டு அதிர்ஷ்டம் இல்லை தம்பி. நான் பிரிக்ஃபீல்ட்ஸில் பஜனைக் குழுவில் பாடுகிறவள், சனிக்கிழமை மட்டும் ராக். இரண்டு பக்கமும் இருப்பதால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நம் கச்சேரியில் பாடகர் சுருதி ஒரு கட்டை என்றால் வயலின், மிருதங்கம் எல்லாம் ஒரு கட்டைக்கு வரும். நாளைக்கு நான் போய் உட்கார்ந்தால் ஐந்து கட்டைக்கு ஏறும், மிருதங்கக்காரர் அதற்கென்று வேறு மிருதங்கமே கொண்டுவருவார். ராக்கில் நேர்மாறு. கிட்டார் ஈ சுருதியில் நிற்கும், ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் மெட்டு) விரல் வைக்காத திறந்த கம்பியில் இருக்கும், பாடகர்தான் ஓடிப்போய் அதைப் பிடிக்க வேண்டும். பழைய பாடகருக்காகப் போட்ட சுருதியில் புது ஆளை நிற்க வைத்துவிட்டு, அவர் திணறினால் ஆள் சரியில்லை என்கிறோம்.

பிளேஸ் பெய்லி கதை அதுதான். அவர் குரல் கீழே கனமான குரல். புரூஸ் உச்சியில் நின்று பாடிய பாட்டையெல்லாம் சுருதி இறக்காமல் அதே இடத்திலேயே மேடை மேடையாகப் பாட வைத்தார்கள், தொண்டை போய் சில கச்சேரிகளை ரத்து செய்யவே வேண்டிவந்தது. ஆனால் அவர் குரலுக்கென்றே எழுதிய பாட்டு சிலவற்றை புரூஸ் திரும்பி வந்த பிறகும் மேடையில் பாடினார்கள், கூட்டம் கூடவே பாடியது. ஆள் மட்டம் என்றால் அது எப்படி நடக்கும்?

பிரையன் ஜான்சனைப் பாருங்கள். பழைய பாட்டை ஒப்பிக்கச் சொல்லி மேடையில் ஏற்றவில்லை. நேராக பஹாமாஸுக்குக் கூட்டிக்கொண்டு போய், அவர் தொண்டை எங்கே கிழியுமோ அங்கே பாட்டைப் போட்டார்கள். ஜனங்கள் முதலில் கேட்டது அவருடைய பாட்டை. பழையதை அப்புறம் பாடினார், அதற்குள் அவர் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

கிள்ளான் டபுள்பெடல்
அக்கா, சல்யூட்.

உலோகத்தலை
நல்ல பாயிண்ட்தான், ஆனால் முழுசாகப் பொருந்தவில்லை. கேரி செரோனுக்கு உச்சியில் பாட வராதா? அவருடைய பழைய பேண்ட் எக்ஸ்ட்ரீமில் என்ன பாடினார் என்று எல்லாருக்கும் தெரியும். புது ஆல்பமும் அவருக்காகவே போட்டார்கள். சுருதி சரி, புதுப் பாட்டு சரி, ஆனாலும் ஊற்றிக்கொண்டது.

ஐந்துகட்டை
பாட்டு நன்றாக இல்லை, அவ்வளவுதானே. அதற்கு சுருதி என்ன செய்யும் 😄

பழைய கேசட்
பினாங்கிலிருந்து ஒரு கிழவன். எல்லாரும் இங்கிலாந்து, அமெரிக்கா என்று சுற்றுகிறீர்கள், நம் ஊரைப் பார்க்க மாட்டேன் என்கிறீர்களே. மலாய் ராக் பேண்ட் விங்ஸில் பாடகர் அவி போன பிறகு மெல் வரவில்லையா? அப்போது கம்பத்துப் பையன்கள் எல்லாம் அவி இல்லாத விங்ஸா என்று முகத்தைத் திருப்பினார்கள். மெல் பாடியதையும் இன்றைக்கு ஜாம்மிங் அறையில் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். அந்தக் காலத்து ராக்கர்கள் பாடகர் மாறியதற்குப் பயந்ததைவிட முடி வெட்டச் சொன்னதற்குத்தான் அதிகம் பயந்தார்கள், 1992இல் தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட் நீள முடிக்காரர்களை டிவியில் காட்டக் கூடாது என்றுவிட்டாரே, ஞாபகம் இருக்கிறவர்கள் கை தூக்குங்கள்.

அப்புறம் எங்கள் ஊர் அலிகேட்ஸ். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம், அண்ணன் தம்பி, நம் ஆட்கள், மலாய்ப் பாட்டில் நாட்டையே கட்டிப்போட்டவர்கள். லோகா 2007இல் நுரையீரல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். எத்தனையோ பாட்டு அவர் குரலில்தான் ஜனங்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து அவரைப் போலப் பாடுகிற ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. டேவிட் முன்னால் நின்று அதே பெயரில் பேண்டை நடத்தினார். லோகா பாடியதை டேவிட் பாடும்போது அதே மாதிரி இருக்காது, இருக்கவும் வேண்டாம். ஏற்கெனவே பேண்டில் ஜனங்களுக்குத் தெரிந்த இன்னொரு குரல் இருந்தது, அது தாங்கிக்கொண்டது.

உலோகத்தலை
அண்ணே, மரியாதையோடு சொல்கிறேன், அலிகேட்ஸ் ராக் இல்லையே.

பழைய கேசட்
டேவிட்டின் புதர் மாதிரி முடியைப் பார்த்தபிறகுமா தம்பி இப்படிப் பேசுகிறாய்.

பிறை மின்சாரம்
வெகுநாளாகப் படிப்பதோடு சரி, இன்றுதான் எழுதுகிறேன். அண்ணன் சொன்ன இரண்டாவது குரல் விஷயம் முக்கியம். ஆலிஸ் இன் செயின்ஸ் அப்படித்தான் பிழைத்தது. லேய்ன் ஸ்டேலி 2002இல் இறந்தார், 2006இல் வில்லியம் டுவால் வந்தார், 2009இல் ஆல்பம். அந்த பேண்டின் அடையாளமே இரண்டு குரல் ஒட்டிக்கொண்டு போவது, அதில் ஒன்று கிட்டாரிஸ்ட் ஜெர்ரி கான்ட்ரெல் குரல், அது போகவே இல்லையே. பாதி வீடு நின்றது, மீதியைக் கட்டினார்கள். லிங்கின் பார்க்கிலும் ராப் பாடுகிற மைக் ஷினோடா இருக்கிறார். பாடுகிற ஆள் ஒருவரே, மற்றவர்கள் யாரும் வாயே திறக்காத பேண்டுக்குத்தான் கஷ்டம். செந்தூல், உங்கள் பேண்டில் கோரஸ் யார் பாடுவது?

பேஸ்_செந்தூல்
நானும் கிட்டார்காரரும். தமிழ்ப் பாட்டு இரண்டில் பல்லவியே நான்தான் இழுப்பேன். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை, மனைவி உட்பட.

கிள்ளான் டபுள்பெடல்
அச்சாக அதே குரலில் பாடுகிற ஆள் கிடைத்தால்? ஜர்னி பண்ணியது அதுதானே. ஆர்னெல் பினேடா மணிலாவில் மற்றவர்கள் பாட்டைக் கவர் பாடிக்கொண்டிருந்தவர், அவர் வீடியோவை 2007இல் ஜர்னி கிட்டாரிஸ்ட் நீல் ஷோன் யூடியூபில் பார்த்துக் கூப்பிட்டார். விசா வாங்கப் போன இடத்தில் அதிகாரி நம்பாமல் ஒரு பாட்டுப் பாடிக் காட்டச் சொன்னாராம். இங்கே கேஎல் (கோலாலம்பூர்) ஹோட்டல் லௌஞ்சில் பாடிய பிலிப்பினோ பேண்டுகளைக் கேட்டவர்களுக்கு இதில் ஆச்சரியமே வராது. கண்ணை மூடினால் ரிக்கார்டு ஓடுகிற மாதிரியே பாடுவார்கள், இடைவேளையில் நம்மோடு உட்கார்ந்து டிக்கெட் விலை பேசுவார்கள்.

ஐந்துகட்டை
பினேடா அருமையான பாடகர், சந்தேகமே இல்லை. 2008இல் அவரோடு புது ஆல்பமும் வந்தது. ஆனால் கச்சேரிக்குப் போகிறவர்கள் கேட்பது ஸ்டீவ் பெர்ரி பாட்டைத்தான். அந்த மனிதர் இத்தனை வருஷமாக இன்னொருவர் தொண்டையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் சளி பிடித்தால்கூட ஒப்பிட்டுப் பேசுவார்கள். எனக்கு அது கொடுமையாகப் படுகிறது.

உலோகத்தலை
ஜூடாஸ் பிரீஸ்ட் கதையும் இதேதான். ராப் ஹால்ஃபோர்ட் 1992இல் போனார். ஒஹையோவில் அவர்கள் பாட்டையே கவர் பண்ணிக்கொண்டிருந்த பையன், ரிப்பர் ஓவன்ஸ், 1996இல் உள்ளே வந்தார். குரல் பயங்கரக் குரல், ஹால்ஃபோர்டுக்கு நிகராகவே கத்துவார். இரண்டு ஆல்பம், 2003இல் ஹால்ஃபோர்ட் திரும்பியதும் பையன் வெளியே. பழைய ஆள் உயிரோடு இருந்தால் ஜனங்கள் அவர் எப்போது வருவார் என்றே உட்கார்ந்திருப்பார்கள். புரூஸ் வந்தார், ராத் 2007இல் வந்தார், ஹால்ஃபோர்ட் வந்தார். ஏசி/டிசிக்கும் ஆலிஸ் இன் செயின்ஸுக்கும் அந்த வழி இல்லாமல் போனது, அதனால் புது ஆளை ஏற்றுக்கொண்டார்கள். சொல்லவே சங்கடமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

செந்தூல், உன் ஆள் சிங்கப்பூரில்தானே இருக்கிறார். பாலத்தைத் தாண்டினால் வந்துவிடுவார்.

பழைய கேசட்
இது சரியான பேச்சு. அதனால் ஒன்று சொல்கிறேன் தம்பி செந்தூல். தீபாவளிக்கு வருகிறார், ஒரு பாட்டு பாடட்டுமே என்று முதல் வருஷம் மேடையில் ஏற்றாதே. ஆசையாகத்தான் இருக்கும். கூட்டம் குதிக்கும், போனைத் தூக்கிப் பிடிக்கும், அத்தோடு புது ஆள் செத்தான். கீழே உட்கார்ந்து பார்க்கட்டும், சாப்பாடு வாங்கிக் கொடு, போதும்.

பிறை மின்சாரம்
பெயரைப் பற்றி ஒரு வழி: குயீன் மாதிரி கூட்டல் குறி போடுங்கள். பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி 1991இல் இறந்த பிறகு யாரையும் நேரடியாக குயீன் பாடகர் என்று அவர்கள் சொல்லவில்லை. முதலில் குயீன் கூட்டல் பால் ரோட்ஜர்ஸ், அப்புறம் குயீன் கூட்டல் ஆடம் லாம்பர்ட். டிக்கெட் வாங்குகிறவனுக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரியும். லாம்பர்ட்டும் மேடையில் ஃப்ரெடி பெயரை எடுத்துச் சொல்லிவிட்டே பாடுவார்.

உலோகத்தலை
அது நேர்மையான வேலை. அதற்கு நான் ஓட்டுப் போடுகிறேன். ஆனால் லாம்பர்ட் வந்து இத்தனை வருஷத்தில் ஒரு புது ஸ்டூடியோ ஆல்பம்கூட இல்லை என்பதையும் பாருங்கள். கூட்டல் குறி போட்டால் அருங்காட்சியகம் நடத்தலாம், பேண்ட் நடத்த முடியாது.

கிள்ளான் டபுள்பெடல்
எது எப்படியோ, ஐஎன்எக்ஸ்எஸ் பேண்ட் மாதிரி டிவியில் போட்டி வைக்காதீர்கள். பாடகர் மைக்கேல் ஹச்சன்ஸ் 1997இல் இறந்தார், 2005இல் டிவி நிகழ்ச்சியில் ஆள் தேர்ந்தெடுத்தார்கள், ஜெயித்தவரும் நிலைக்கவில்லை.

பேஸ்_செந்தூல்
எல்லாருக்கும் நன்றி. இதையெல்லாம் படித்துவிட்டு இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பாட வைத்தோம், என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

முதல் பையன் ரவாங்கிலிருந்து வந்தான். கண்ணை மூடினால் பழைய பாடகரேதான். அதே இழுப்பு, அதே மூச்சு, பாட்டுக்கு நடுவே அவர் சொல்லும் ‘கேஎல் எப்படி இருக்கீங்க’ கூட அதே தொனி. கிட்டார்காரர் பூரித்துப்போனார். டிரம்மர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் சிகரெட் பிடித்தார். எனக்குமே ஒரு மாதிரி இருந்தது, அடக்கமாகச் சொன்னால்.

இரண்டாவது ஆள் போர்ட் கிள்ளானில் வேலை, நம்மைவிட வயது குறைவு, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. அவரைப் பழைய சுருதியில் பாடச் சொன்னோம், இரண்டாவது வரியிலேயே கழுத்து நரம்பு புடைத்து முகம் சிவந்துவிட்டது. வழக்கமாக அத்தோடு நன்றி சொல்லி அனுப்பியிருப்போம். அக்கா எழுதியது மண்டைக்குள் இருந்ததால் நிறுத்தி, ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கிப் பார்த்தோம். பரவாயில்லை. சி-க்கு இறக்கினோம். நான் வருஷக்கணக்காக வாசித்த பாட்டு அது, எங்கள் சொந்தத் தமிழ்ப் பாட்டு, பல்லவி வேகத்தைக் கொஞ்சம் குறைத்ததும் சத்தம் வெளியே போகாமல் இருக்க அறைக் கதவில் ஒட்டியிருந்த முட்டை அட்டை அதிர்ந்தது. மேல் ஸ்தாயியில் கெஞ்சுகிற மாதிரி இருந்த வரி கீழே வந்ததும் மிரட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. பாட்டின் அர்த்தமே வேறு. அப்போதுதான் டிரம்மர் உள்ளே வந்து, யாரிடமும் எதுவும் பேசாமல், ஹை-ஹேட் தட்டை விட்டுவிட்டுத் தரை டாம் டிரம்மில் அடிக்க ஆரம்பித்தார்.

அந்த ஆளையே எடுக்கிறோம். பழைய பாட்டில் பாதியைத் தூக்கிவிடுகிறோம், மீதியை சி-யில் வாசிக்கிறோம், முதல் நிகழ்ச்சிக்கு முன்பே குறைந்தது மூன்று புதுப் பாட்டு தயாராக வேண்டும் என்று பேச்சு. பெயர் சண்டை இன்னும் முடியவில்லை. பார் முதலாளியைக் கேட்டேன், பெயர் என்னவோ போட்டுக்கொள்ளுங்கள், ஒன்பதரைக்கு மேடையில் இருங்கள் என்றார்.

உலோகத்தலை
சி-யா! சரி, நான் வருகிறேன். பெயர் அதேதான் என்றால் பின்னால் நின்று முறைப்பேன்.

ஐந்துகட்டை
ரவாங் பையனை விட்டுவிடாதீர்கள், நல்ல காது உள்ள பையன். அவன் சொந்தக் குரல் என்ன என்று யாராவது அவனுக்குக் கேட்டுச் சொல்ல வேண்டும். என் எண் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், சனிக்கிழமைக் குழுவில் எங்களுக்கு ஆள் தேவை.

பேஸ்_செந்தூல்
அனுப்புங்கள் அக்கா, அவனிடம் கொடுக்கிறேன். அடுத்த தலைவலி எனக்கு: நாலு கம்பி பேஸை சி-க்கு இறக்கினால் கம்பி தொளதொளவென்று ஃபிரெட்டில் அடிக்கிறது, சத்தம் வரவில்லை. யாரிடமாவது ஐந்து கம்பி பேஸ் விற்பனைக்கு இருக்கிறதா? ஆயிரம் வெள்ளிக்குள் பாருங்கள், பழையது பரவாயில்லை.

கிள்ளான் டபுள்பெடல்
ஐந்து கம்பி எதற்கு ப்ரோ, காசு தண்டம். எங்கள் பேஸ்காரர் ஐந்து கம்பி செட்டிலிருந்து உச்சிக் கம்பியை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு, தடித்த நாலையும் நாலு கம்பி பேஸிலேயே மாட்டியிருக்கிறார். கம்பி தடிமனாக இருக்கும், கழுத்து முனையில் கம்பியைத் தாங்குகிற நட்டில் உள்ள பள்ளத்தைக் கொஞ்சம் அரத்தால் தேய்க்க வேண்டும், கழுத்தையும் ஒரு சுற்று சரி பண்ண வேண்டும். நீங்களே தேய்க்க வேண்டாம், அதிகம் போய்விட்டால் நட்டையே மாற்ற வேண்டிவரும். ஞாயிறு மத்தியானம் கிள்ளான் வந்தால் அவரைப் பார்க்கச் சொல்கிறேன், கம்பியை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.